எதற்கு ஊதினார் ரெமிஜியுஸ்

பந்து கோயில் பக்கத்து மூலைக்குப் போனது, ரெமிஜியுஸும் அதன் பின்னால் ஓடினார், ஓடிக்கொண்டே அந்தப் பாட்டின் இரண்டாம் சரணம் எப்படித் தொடங்கும் என்று மறுபடியும் தேடினார். தேடக்கூடாது என்று இடைவேளையிலேயே முடிவு செய்திருந்தார். இறுதி ஆட்டத்தில் நடுவராக நிற்கிறவன் பந்தைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் வடக்குத்தெருவும் தெற்குத்தெருவும் ஆளுக்கொரு கோல் போட்டுச் சமமாக நிற்கும்போது. ஆனால் கோயில் ஒலிபெருக்கி விடவில்லை. நாளைய திருவிழாப் பூசைக்குப் பாடகர் குழு மாலையிலிருந்தே பயிற்சி செய்துகொண்டிருந்தது. முதல் சரணத்தைப் பாடுவார்கள், பெண்கள் பக்கம் எங்கோ ஒரு சுரம் வழுக்கும், மாஸ்டர் கட்டையால் மேசையைத் தட்டுவார், திரும்பவும் முதல் சரணம். இரண்டாம் சரணத்தின் வாசல்வரை வந்து வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது பாட்டு. அந்த வாசலில்தான் ரெமிஜியுஸின் தனி வரி. எல்லாரும் நிறுத்துவார்கள், கீபோர்டு மட்டும் கொஞ்சம் அலையும், பிறகு அவர் ஒருவராக எடுத்துக் கொடுக்க வேண்டும். கல்யாணம் ஆவதற்கு முன்னாலிருந்து பாடுகிற வரி. ஊர் உபதேசியார் ஒருவர் எந்தக் காலத்திலோ கட்டிய பாட்டு, வேறு எந்த ஊரிலும் கிடையாது, புத்தகத்தில் கிடையாது, வாயில்தான் இருக்கிறது. அந்த வரியின் முதல் வார்த்தை இன்று மத்தியானத்திலிருந்து வாயில் இல்லை. இராகம் இருக்கிறது. மூச்சை எங்கே பிடிக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. வார்த்தை இருந்த இடத்தில் பல் விழுந்த ஈறுபோல ஒரு வழுவழுப்பு, நாக்கு அங்கேயே போய்ப் போய்த் தடவுகிறது. "மாமா, த்ரோ யாருக்கு?" என்று வடக்குத்தெரு பையன் கத்தினான். பந்து கோட்டுக்கு வெளியே கிடந்தது. யார் காலில் பட்டுப் போனது? பார்த்தாரே. பார்த்துக்கொண்டுதானே ஓடிவந்தார். கை தானாகத் தெற்கே நீண்டது. யாரும் மறுத்துப் பேசவில்லை. அப்படியென்றால் சரியாகத்தான் காட்டியிருக்க வேண்டும். கைக்குத் தெரிந்திருக்கிறது, அவருக்குத்தான் தெரியவில்லை.

காலையில் கடலிலும் இப்படித்தான். இல்லை, அது வேறு. அது மூடாப்பு, கடலை மூடுகிற பனி. யாருக்கும் அப்படி ஆகும். வலையை இழுத்து முடித்து, சாளையும் கொஞ்சம் விளமீனும் விழுந்திருந்தது, கூட வந்த இரண்டு பேரும் மீனைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள், இன்ஜினை அணைத்துவிட்டு இவர் படகின் முன்பக்கம் அணியத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தார். நிமிர்ந்து பார்த்தால் கரை இல்லை. வெள்ளையாக ஒரு சுவர் சுற்றி நின்றது. அதில் பயமில்லை. கரை தெரியாத கடலில் பிறந்து வளர்ந்தவர்தான். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, காற்று எந்தக் காதில் படுகிறது என்று பார்த்தால் போதும், கரை எங்கே என்று முதுகு சொல்லிவிடும். இன்றைக்கு முதுகு சொல்லவில்லை. காற்று இடது காதில் பட்டது. இடது காதில் பட்டால் என்ன? கச்சான் காற்று என்றால் மேற்கிலிருந்து, அப்போது கரை காற்று வருகிற பக்கம். ஆனால் இது கச்சான்தானா? மடித்த வெற்றிலை கையிலேயே இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று தெரியவில்லை. ஒரு மூச்சா, அரை மணியா? "போலாமாண்ணே?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். "நீயே புடி" என்று சுக்கானை அவனிடம் கொடுத்துவிட்டார். அவன் யோசிக்கவே இல்லை, ஒரு திருப்புத் திருப்பினான். கொஞ்ச தூரம் வந்ததும் கோயில் கோபுரத்துச் சிலுவை வெள்ளைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டு வந்தது. சரியாக எதிரே. ரெமிஜியுஸ் நினைத்துக்கொண்டிருந்த பக்கத்துக்கு நேர் எதிரே. மூடாப்பில் யாருக்கும் அப்படி ஆகும். ஆனால் அவனுக்கு ஆகவில்லையே. அண்ணன் கஸ்பாருக்கு முதலில் ஆனதும் கடலில்தான். மூடாப்புகூட இல்லை, பளிச்சென்று வெயில் அடிக்கிற காலை. கரையை எதிரே வைத்துக்கொண்டு, "கர எங்கலே?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். கஸ்பார் எப்போதும் கேலி பேசுகிறவர்தான் என்று ரெமிஜியுஸும் சிரித்தார். கேட்டபோது அண்ணன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. சிரிக்கிறவன் முகத்தைப் பார்ப்பதில்லை.

அண்ணன் இப்போது கடல் பக்கத்துக் கோல் கம்பத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மகள் மெட்டில்டா பக்கத்தில் நிற்கிறாள். ஒரு காலத்தில் அந்தக் கம்பங்களுக்கு நடுவில் அவர்தான். தெற்குத்தெருவின் கோலி. பந்து வருவதற்கு முன்னாலேயே பாய்ந்திருப்பார், பந்து அவர் இருக்கிற இடத்தைத் தேடி வருவதுபோல இருக்கும். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் மணலை அள்ளி எழுந்திருப்பார். மீசையெல்லாம் மணல். பூசைக்கு வரும்போதும் காதுக்குள் மணல் இருக்கும், அப்படியே பாடகர் குழுவின் கடைசி வரிசையில் நின்று அடிக்குரல் பாடுவார். பெஞ்சு அதிரும். இடைவேளையில் தண்ணீர் குடிக்கப் போனபோது ரெமிஜியுஸ் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் கை நீளத்துக்குத் தோண்டினாலே இந்த ஊரில் நல்ல தண்ணீர் ஊறும், அதிசயம்தான், அலைக்கும் ஊற்றுக்கும் நடுவில் நாலு பாய் விரிக்கிற இடம்கூட இருக்காது. பையன்கள் ஊற்றைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடித்தார்கள், தலையில் ஊற்றிக்கொண்டார்கள். ரெமிஜியுஸ் அண்ணனுக்கும் ஒரு சிரட்டை கொண்டுவந்து கொடுத்தார். அவர் வாங்கி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "குடிங்கப்பா" என்று மெட்டில்டா வாயருகே தூக்கிக் கொடுத்தாள். "காலைலேருந்து ஒரு வார்த்த பேசல சித்தப்பா. பசிக்கான்னு கேட்டாலும் பதில் இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தி, "திங்கக்கிழம அப்பாவக் கூட்டிட்டு தூத்துக்குடி போறேன். டாக்டர் உங்களயும் ஒருக்க வரச் சொன்னாரு. சும்மா பாத்துருவோம், கூடப் பொறந்தவங்களயும் பாத்துட்டா நல்லதுன்னாரு. பயப்படுறதுக்கு ஒண்ணும் இல்லியாம்." "எனக்கென்ன கேடு?" என்று ரெமிஜியுஸ் கேட்டார். குரல் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. ஊற்றடியில் இருந்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஒண்ணும் இல்ல சித்தப்பா. நான் சொன்னேன், அவ்வளவுதான்" என்றாள். அவள் எதற்காக அப்படிப் பார்த்தாள்? காலையில் சுக்கானைக் கொடுத்தது அவளுக்குத் தெரிந்திருக்குமோ? அந்தப் பயல் கரையில் சொல்லியிருப்பானோ? மனைவி ஜெசிந்தாவுக்குத் தெரிந்தால் இரவெல்லாம் செபமாலை உருட்டுவாள். இல்லை, யாருக்கும் தெரியாது. தெரிவதற்கு ஒன்றும் நடக்கவில்லை. மூடாப்பு.

விசிலை வாயில் வைத்து இரண்டாம் பாதியைத் தொடங்கியபோது உடம்பு லேசாகத்தான் இருந்தது, அதுதான் அவருக்கு இன்னும் குழப்பமாக இருந்தது. நோய் என்றால் உடம்பு கனக்க வேண்டாமா? ஈர மணலில் கால் அழுத்தி அழுத்திப் போகிறது, வியர்வையைக் கடற்காற்று துடைத்துக்கொண்டே வருகிறது, உப்பு உதட்டில் படிகிறது, பையன்கள் ஒருவனை ஒருவன் திட்டிக்கொண்டு கடந்து போகும்போது அவர்கள் முதுகுச் சூடு முகத்தில் அடிக்கிறது. வீட்டில் உட்கார்ந்தால்தான் கணக்கெல்லாம் வருகிறது, மகன் குவைத்திலிருந்து எப்போது வருவான், முழங்கால் ஏன் சொடுக்குகிறது, போன வாரம் சாவியை ஏன் உப்பு ஜாடிக்குள் போட்டோம். சாவி. அதை மறந்திருந்தார். ஜெசிந்தா எடுத்துக் கொடுத்துவிட்டுச் சிரித்தாள், இவரும் சிரித்தார். மறுபடியும் சிரிப்பு. ஆனால் உப்பு ஜாடி சாவி மாட்டுகிற ஆணிக்குக் கீழேதான் இருக்கிறது, தவறி விழுந்திருக்கும். விழுந்தால் மூடி? மூடியைத் திறந்து யார் போட்டது? வடக்குத்தெரு டெரன்ஸ் பந்தை எடுத்துக்கொண்டு நடுக்களத்தில் வந்தான். ஜெசிந்தாவின் சித்தி மகன் வழிப் பையன், அதனால் இவருக்கு மருமகன் முறை, கடலில் ஒரு படகையே ஒற்றை ஆளாகத் தள்ளுகிற தோள். ரெமிஜியுஸ் தெற்குத்தெருவில் பிறந்தவர், வடக்குத்தெருவில் பெண் எடுத்தவர், இரண்டு பக்கமும் ஏசலாம், இரண்டு பக்கமும் நம்பலாம், அதனால்தான் வருஷா வருஷம் விசிலை இவர் கையில் கொடுக்கிறார்கள். முன்பொரு திருவிழாவில் வெளியூர் நடுவர் ஒருவர் தப்பாக ஒரு கோல் கொடுத்து, அதற்கப்புறம் இரண்டு தெருவும் வெகுநாள் ஒரே ஊற்றில் தண்ணீர் மொள்ளவில்லை. பெண்கள் குடத்தோடு தனித்தனியாகக் குழி தோண்டினார்கள். ஒரே தண்ணீர்தான் இரண்டு குழியிலும் ஊறியது. இந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் பாட்டு மறுபடியும் முதல் சரணத்தின் கடைசிக்கு வந்தது. நிற்கப் போகிறது, மாஸ்டர் தட்டப் போகிறார் என்று காது காத்திருந்தது. தட்டவில்லை. பெண்கள் அந்தச் சுரத்தைச் சரியாகப் பிடித்து இறங்கிவிட்டார்கள், கீபோர்டு மட்டும் தனியாக அலைய ஆரம்பித்தது, ரெமிஜியுஸ் அங்கே இல்லாததால் அவர் வரிக்கு உண்டான இடம் காலியாகத் திறந்தது, அந்தக் காலிக்குள் யாரும் பாடவில்லை, டெரன்ஸ் ஒருவனை ஏய்த்தான், இன்னொருவனை ஏய்த்தான், பெனால்டி கட்டத்துக்குள் நுழைந்தான், ரெமிஜியுஸ் பக்கத்திலேயே ஓடினார், சிப்பி, சிப்பியின் இருளில் சேர்ந்த ஒளியே, அதுதான், சிப்பி! முத்துக்குளித்த கடற்கரையில் பிறந்துவிட்டு மறக்கிற வார்த்தையா அது! நெஞ்சு நிறைய மூச்சு ஏறியது.

விசில் சத்தம் கேட்டது.

எல்லாரும் நின்றார்கள். பந்து மட்டும் நிற்கவில்லை. டெரன்ஸின் காலை விட்டுப் புறப்பட்ட பந்து, விசிலைக் கேட்டுக் கையைத் தொங்கவிட்டு நின்ற தெற்குத்தெரு கோலியைத் தாண்டி வலைக்குள் போய்ச் சுருண்டது. ரெமிஜியுஸும் எல்லாரையும்போலச் சுற்றிப் பார்த்தார், யார் ஊதியது என்று. விசில் அவர் வாயில் இருந்தது. பற்கள் அதைக் கடித்துக்கொண்டிருந்தன. "பெனால்டி!" என்று கத்தினார்கள் வடக்குத்தெருக்காரர்கள். "எதுக்கு பெனால்டி? தொடவே இல்லியே! மாமா, நான் தொட்டனா?" என்று தெற்குத்தெரு பின்காவலன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தான். "பெனால்டி இல்லன்னா அது கோலு! ரெண்டுல ஒண்ணு குடுங்க!" டெரன்ஸ் பந்தை வலையிலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டு நெஞ்சோடு அணைத்தபடி வந்தான். "மாமா, எதுக்கு ஊதினிய?" எதற்கு ஊதினோம்? ரெமிஜியுஸ் தன் தலைக்குள் திரும்பிப் போய்ப் பார்த்தார். டெரன்ஸ் கட்டத்துக்குள் நுழைகிறான். அதுவரை இருக்கிறது. பந்து வலைக்குள் சுருளுகிறது. அதுவும் இருக்கிறது. நடுவில் இருப்பது ஒரு வெள்ளைச் சுவர். யாராவது காலைத் தட்டியிருப்பார்களோ? கை பட்டிருக்குமோ? த்ரோவுக்குக் கை தானாக நீண்டதே, அதுபோல வாய்க்குத் தெரிந்து ஊதியிருக்குமோ? இருக்கலாம். அப்படியென்றால் பெனால்டி புள்ளியைக் காட்டினால் போதும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். டெரன்ஸுக்கு நியாயம் செய்ததாகவும் ஆகும், போட்ட கோலை இவர் விசில்தானே தின்றுவிட்டது. ஆனால் அந்தப் பின்காவலன் முகம். தொடாதவன் முகம் அப்படித்தான் இருக்கும். கோட்டில் கொடியோடு நின்ற பிரகாசம் வாத்தியாரிடம் நடந்தார். "வாத்தியாரே, நீரு என்னத்தப் பாத்தீரு?" என்று மெதுவாகக் கேட்டார். "நான் ஒண்ணும் பாக்கல. சுத்தமான ஓட்டம். நீரு பக்கத்துல நின்னீரே, நீருதான ஊதுனீரு." பிரகாசம் கண்ணைச் சுருக்கினார். "ஏன்வே, என்ன செய்யுது? முகம் வெளுத்திருக்கு." "பாட்டு வந்துச்சு" என்றார் ரெமிஜியுஸ். "என்னது?" "பாட்டோட அடி. மத்தியானத்துலேருந்து வரல. இப்ப வந்துச்சு. மூச்ச எடுத்தேன். வாயில விசில் இருந்துருக்கு." சொல்லும்போதே அது உண்மைதானா, இல்லை இப்போதுதான் கட்டினாரா என்று அவருக்குத் தெரியவில்லை. உண்மை மாதிரிதான் இருந்தது. பாடத்தான் மூச்சு எடுத்தார். ஆனால் அண்ணனும் இப்படித்தான், தேநீரில் உப்பைப் போட்டுவிட்டு அதற்கு ஒரு காரணம் சொன்னார், நல்ல காரணம், எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

இரண்டு தெருவும் களத்துக்குள் இறங்கிவிட்டன. ரெமிஜியுஸ் நடுவில் போய் நின்று, "தெரியாம ஊதிட்டேன்" என்றார். கேட்கவில்லை. மறுபடியும் உரக்கச் சொன்னார். "ஒரு தப்பும் நடக்கல. நான் நெனவில்லாம ஊதிட்டேன். கோலு இல்ல, பெனால்டியும் இல்ல. பந்தக் கீழ போட்டுத் தொடங்கணும். சட்டம் அதுதான்." ஒரு நிமிடம் சத்தம் அடங்கியது, "நெனவில்லாம" என்ற அந்தச் சொல்லையே எல்லாரும் கேட்டதுபோல அவருக்குத் தோன்றியது. அப்புறம் வெடித்தது. "நெனவில்லாம ஊதுறதுக்கு எதுக்கு நடுவரு?" "தெக்குத்தெரு ரத்தம்லா, அப்பிடித்தான் ஊதும்!" டெரன்ஸ் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "மாமா, ஒங்க காலப் புடிச்சுக் கேக்கேன். ஒரு வருசம் காத்திருந்து போட்ட கோலு. எதுக்கு ஊதினியன்னு ஒரு காரணம் சொல்லுங்க. பொய்யாவது சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன்" என்றான். பொய் கையருகே தயாராக இருந்தது. ரெமிஜியுஸ் அதை எடுக்கவில்லை. யாரோ பின்னாலிருந்து தோளைப் பிடித்துத் தள்ளினார்கள், யாரோ தள்ளியவனைத் தள்ளினார்கள், ஒருவன் சட்டை கிழிந்தது, அந்தத் துணி கிழிகிற சத்தம் தனியாகக் கேட்டது. கோயிலில் பாட்டு எப்போதோ நின்றிருந்தது. பாடகர் குழுவும் வாசலுக்கு வந்து பார்க்கிறது போல. அங்கே நின்று ஜெசிந்தாவும் பார்க்கிறாள். அப்போது மெட்டில்டாவின் குரல், "அப்பா! அப்பா, எங்க போறிய?"

கஸ்பார் நாற்காலியை விட்டு எழுந்து கோல் கம்பங்களுக்கு நடுவில் போய் நின்றிருந்தார். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். எப்போது கட்டினார்? வீட்டில் அவருக்கு மெட்டில்டாதான் கட்டிவிட வேண்டும். இளைய கோலியை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, இடது கம்பத்தைத் தட்டினார், வலது கம்பத்தைத் தட்டினார், நடுவுக்கு வந்து கொஞ்சம் குனிந்து இரண்டு கையையும் விரித்தார். விசில், கூச்சல், கட்டத்துக்குள் பந்தோடு ஒருவன். இதற்குமேல் அவருக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியதில்லை என்பதுபோல இருந்தது. கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தை இழந்தது. தள்ளிக்கொண்டிருந்த கைகள் தள்ளுவதை மறந்து தோள்மேலேயே கிடந்தன. "அவுகளக் கூட்டிட்டுப் போங்க யாராவது" என்று ஒருவர் சொன்னார், யாரும் போகவில்லை. டெரன்ஸ் ரெமிஜியுஸைப் பார்த்தான். அண்ணனைக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும், கால் தவறினால் இடுப்பு உடையும் வயது, ஆனால் ரெமிஜியுஸ் அண்ணனின் கண்ணைப் பார்த்தார். அது பந்தின்மேல் இருந்தது. சிரட்டையைப் பார்த்த கண் இல்லை. டெரன்ஸ் பந்தைப் புள்ளியில் வைத்தான். குழந்தைக்கு உருட்டிவிடுவதுபோல மெதுவாகக் காலால் தள்ளினான். அது மணலில் ஊர்ந்து ஊர்ந்து போய்க் கஸ்பாரின் பாதத்தில் முட்டி நின்றது. கஸ்பார் குனிந்து பார்த்தார். முகம் சிவந்தது. "எலே, கேலியா பண்ணுத? ஒழுங்கா அடில!" என்று அதட்டி, பந்தை எட்டி உதைத்துத் திருப்பி அனுப்பினார். காலையிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு. மெட்டில்டா வாயில் கையை வைத்துக்கொண்டாள். டெரன்ஸ் பந்தை மறுபடியும் வைத்தான். இந்த முறை பின்னால் நடந்து போனான், ஓடி வந்தான், வேண்டாம்டா என்று ரெமிஜியுஸ் சொல்ல நினைத்ததற்குள் அடித்துவிட்டான். அது உண்மையான அடி. கஸ்பார் பாயவில்லை, அவருக்குப் பாய உடம்பில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்தார், சாய்ந்த பக்கத்துக்குத்தான் பந்து வந்தது, மணிக்கட்டில் பட்டு மேலே எழும்பி, கம்பத்தைத் தாண்டிக் கடலைப் பார்த்துப் போனது. அவர் மணலில் விழுந்தார். ரெமிஜியுஸ் ஓடினார். ஓடுகிற தூரம் முழுக்க, இதற்கும் நான்தான் காரணம், நான்தான் ஊதினேன், நான்தான் ஊதினேன் என்று கால் ஒவ்வொன்றும் சொன்னது. போய்ச் சேர்ந்தபோது கஸ்பார் முட்டிபோட்டு எழுந்துகொண்டிருந்தார். மீசையெல்லாம் மணல். மணிக்கட்டை உதறினார். "நல்லா அடிக்கான்" என்றார். அதற்கப்புறம்தான் கூட்டம் கத்தியது, வடக்கும் தெற்கும் சேர்ந்து, சட்டை கிழிந்தவன்கூட. டெரன்ஸ் ஓடிவந்து கஸ்பாரின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வலிக்கா பெரிய மாமா? வலிக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு ரெமிஜியுஸிடம், அவர் முகத்தைப் பார்க்காமல், "பந்தப் போடுங்க மாமா. இருட்டிரும்" என்றான்.

விசிலைப் பிரகாசம் வாத்தியாரிடம் நீட்டினார். வாத்தியார் வாங்கவில்லை. "நெனவில்லாம ஊதினேன்னு ஊருக்கு முன்னால சொன்னவரு, மிச்சத்தையும் நெனவோட ஊதி முடியும்வே" என்றார். அது பாராட்டா, தண்டனையா என்று புரியாமலேயே ரெமிஜியுஸ் பந்தைக் கீழே போட்டார். ஆட்டம் நடந்தது. பயந்து பயந்து, ஒவ்வொரு ஊதலுக்கும் முன்னால் இது நான்தானா என்று கேட்டுக்கொண்டு ஊதினார். வெளிச்சம் மங்கும் நேரத்தில் டெரன்ஸ் தலையால் முட்டி ஒரு கோல் போட்டான். அதில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. வடக்குத்தெரு ஜெயித்தது. கோயிலில் பாட்டு மறுபடியும் தொடங்கியது, முதலிலிருந்து. கூட்டம் அந்தப் பக்கம் நகர்ந்தபோது மெட்டில்டா அப்பாவின் மணிக்கட்டில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ரெமிஜியுஸ் போய் அவள் பக்கத்தில் நின்றார். மூச்சு எடுத்த கதையை அவளிடமும் சொல்லலாம், அவள் சிரிப்பாள், நம்புவாள். மூச்சுக்காகவும் இருக்கலாம். மூடாப்பாகவும் இருக்கலாம். ஜாடியின் மூடி திறந்தே இருந்திருக்கலாம். "திங்கக்கிழம எத்தன மணி பஸ்சு?" என்று கேட்டார். அவள் நிமிர்ந்தாள். "நீங்களும் வாரியளா சித்தப்பா?" "வாரேன்" என்றார். அப்பாவின் கையை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, "மணலக் கழுவிக் கூட்டிட்டு வாங்க" என்று முன்னால் நடந்தாள்.

அண்ணனும் தம்பியும் அலையில் முழங்கால்வரை நின்றார்கள். தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது, பகலெல்லாம் வாங்கிய வெயிலை இன்னும் வைத்திருந்தது. ரெமிஜியுஸ் கைநிறைய அள்ளி அண்ணனின் முதுகில் ஊற்றினார், காதுக்குப் பின்னால் தேய்த்தார். கஸ்பார் குளிக்கிற மாடுபோல ஆசையாகக் காட்டிக்கொண்டு நின்றார். "யாரு ஜெயிச்சா?" என்று திடீரென்று கேட்டார். "வடக்குத்தெரு" என்றார் ரெமிஜியுஸ். கஸ்பாரின் முகம் விழுந்தது. இளந்தாரியாக இருந்தபோது தோற்ற நாட்களில் எப்படி விழுமோ அப்படியே, உதட்டுக்கோடு மாறாமல். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். ஒரு அலை வந்து போனது. "யாரு ஜெயிச்சா?" என்றார். "வடக்குத்தெருண்ணே. ரெண்டுக்கு ஒண்ணு." முகம் மறுபடியும் விழுந்தது, முதல் தடவை கேட்பதுபோல முழுசாக, ஒரு பங்கும் குறையாமல். ரெமிஜியுஸுக்குத் தன் கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, அண்ணனின் தோளில்தான் இருந்தது. ஊருக்கு முன்னால் சொல்ல முடியாத பொய்யை இங்கே சொல்லலாமா, சொன்னால் அங்கே சொன்ன உண்மை என்ன ஆகும், அந்தப் பையன் காலைப் பிடித்தல்லவா கேட்டான்? "யாரு ஜெயிச்சாலே?" என்றார் கஸ்பார். "நாமதாண்ணே" என்றார் ரெமிஜியுஸ். கஸ்பார் திரும்பினார். "மெய்யாவா? எத்தன கோலு?" "ரெண்டு." "யாரு போட்டா?" ரெமிஜியுஸ் ஒரு பெயர் சொன்னார். அந்தப் பெயர்க்காரன் எப்போதோ கொழும்புக்குப் போய் அங்கேயே இறந்துவிட்டான். கஸ்பார் தலையை ஆட்டினார், அவன் போடுவான், இடது கால்காரன். "அவங்களுக்கு ஒரு பெனால்டி கெடச்சுது" என்று ரெமிஜியுஸ் சொன்னார். "பெனால்டியா? எதுக்குல?" "எதுக்குன்னு தெரியல. அந்த நடுவரு ஊதிட்டான்." "கிறுக்குப் பய" என்றார் கஸ்பார். "ஆமா, கிறுக்குப் பய. நல்லா அடிச்சாண்ணே அந்தப் பையன், நீங்கதான் வலப்பக்கம் சாஞ்சு தட்டிவிட்டிய." கஸ்பார் தன் மணிக்கட்டில் சுற்றியிருந்த துணியைத் தூக்கிப் பார்த்தார், இன்னொரு கையால் அதை அழுத்திப் பார்த்தார், வலித்திருக்க வேண்டும், "இடப்பக்கம்" என்றார்.

ரெமிஜியுஸ் யோசித்துப் பார்த்தார். இடப்பக்கம்தான்.